இறால் ஓட்டு மணியும் என் மனைவியின் காப்பியும்

ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டதா, நான் பள்ளிக்கூடத்தை விட்டேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் சதுரங்கப்பட்டினத்திலிருந்து மாமல்லபுரம் வரை கடற்கரை ஓரமாக யாரை வேண்டுமானாலும் நிறுத்தி, ஓட்டுக்காரர் வீடு எது என்று கேட்டுப் பாருங்கள். கையைப் பிடித்துக் கூட்டிவந்து வாசலில் விட்டுவிட்டுத்தான் போவார்கள்.

இறால் ஓடுதான் என் தொழில். உரிக்கும் கொட்டகைகளில் பெண்கள் சதையை எடுத்துக்கொண்டு தலையையும் ஓட்டையும் மூலையில் குவித்துவிடுவார்கள். வெயில் ஏறிவிட்டால் காக்கையைத் தவிர அந்தப் பக்கம் யாரும் போக மாட்டார்கள். ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிய குவியலிடம் நடந்து போனவன் நான் ஒருவன். மீன்பாடி வண்டியில் அள்ளிப்போட்டு ஆரம்பித்தேன். இன்றைக்குச் சொந்த ஷெட், அமிலத் தொட்டி, காரத் தொட்டி, உலர்த்துகிற களம் எல்லாம் இருக்கிறது. ஓடு ஒவ்வொரு தொட்டியாக இறங்கி ஏறி, கடைசியில் வெள்ளைச் செதிலாகக் களத்துக்கு வரும். கைட்டோசான் என்று பெயர். தண்ணீரைச் சுத்தம் செய்யவும் புண்ணில் போடும் பவுடருக்கும் வாங்கிப் போகிறார்கள். கையில் எடுத்து மோந்து பார்த்தால் ஒரு வாசனையும் இருக்காது. அந்த நாற்றத்திலிருந்து இந்த வெள்ளையை எடுத்தவன் நான். இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கம் கிடையாது.

கல்யாணமான புதிதில் பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை எப்போதும் காலியாகத்தான் வரும். நின்றுகொண்டு வந்தாலும் வருவார்களே தவிர யாரும் உட்கார மாட்டார்கள். அதில் உட்கார்ந்த ஒரே ஆள் என் மனைவி. திருக்கழுக்குன்றத்துக்கு உள்ளே தள்ளி இருக்கிற விவசாயக் குடும்பம் அவளுடையது. மாடும் பாலுமாக வளர்ந்தவள். என் மேல் அடித்த வாடையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் கேட்டாலும், "எனுக்கு மூக்கடைப்பு" என்பாள்.

அவளுக்கு வாழ்க்கையில் வேண்டியதெல்லாம் காப்பிதான். நகை கேட்டதில்லை, புடவை கேட்டதில்லை. காலையில் ஒன்று, மத்தியானத் தூக்கம் முடிந்து ஒன்று. பால் கெட்டியாக இருக்க வேண்டும், தெருமுனை வீட்டு மாட்டுப் பாலாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு வயிற்றுக் காய்ச்சல் வந்து அவளைப் படுக்கப்போட்டது. எழுந்து உட்கார்ந்த பிறகு பால் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு வாய் குடித்தாலும் வயிறு உப்பி, கடமுடா என்று உருண்டு, நாள் முழுக்கப் பின்கட்டுக்கும் உள்ளுக்குமாக நடப்பாள். செங்கல்பட்டில் பெரிய டாக்டரிடம் காட்டினேன். பாலில் ஒரு சர்க்கரை இருக்கிறது, அதைச் செரிக்கிற சரக்கு வயிற்றில் குறைந்துவிட்டது, பாலை நிறுத்துங்கள் என்றார். நிறுத்தினாள். அதற்குப் பிறகும் எங்களுக்கெல்லாம் காப்பி கலந்து கொடுப்பாள். கொடுக்கும் முன் டம்ளரை முகத்துக்கு நேரே பிடித்து ஒரு மூச்சு இழுப்பாள். பிறகுதான் கை நீளும். அதைப் பார்த்துவிட்டால் என் டம்ளரைப் பாதியிலேயே வைத்துவிடுவேன்.

நான் சும்மா இருக்கிற ஆளா? பழைய மாமல்லபுரம் சாலையில் இருக்கிற பெரிய கடைக்குப் போய், அந்தச் சர்க்கரை நீக்கிய பாலை அட்டைப் பெட்டியில் வாங்கி வந்தேன். ஒரு மடக்கு குடித்துவிட்டு வைத்துவிட்டாள். "நோட்டுப் புஸ்தகத்த நனைச்ச மாரி கீது" என்றாள். மாத்திரை வாங்கி வந்தேன். "காப்பி குடிக்க மாத்திரையா? அது நாஸ்தாவா வைத்தியமா?" என்று கேட்டாள். அதோடு விட்டேன்.

பிறகு மருமகள் வந்தாள். தென்பக்கத்துக் குடும்பம். அவளுடைய அப்பா இங்கே அணு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தவர். மகனுக்கு ஐ.டி. வேலை, அவளுக்குச் சாலையோரக் கல்லூரி ஒன்றில் ஆராய்ச்சி. இரண்டு பேரும் படூரில் அடுக்குமாடியில் இருந்தார்கள். வெள்ளி சாயங்காலம் இங்கே வந்தால் திங்கள் காலை போவார்கள். மகன் காரை அவன் வேலைக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவான், அவளைக் கூட்டிப்போகக் கல்லூரி வேன் வரும்.

மாமியாருக்கும் மருமகளுக்கும் சண்டை கிடையாது. அதுதான் கஷ்டம். "சாப்ட்டியாம்மா", "சாப்ட்டேன் அத்தை", "தூங்கினியாம்மா", "தூங்கினேன் அத்தை". பேங்க் கவுண்டரில் இரண்டு பக்கமும் நின்று பேசுகிற மாதிரி இருக்கும். என் மனைவிக்குப் பெண் பிள்ளை இல்லை. படித்த பெண்ணிடம் என்ன பேசுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. அந்தப் பெண்ணுக்கோ, குறைவாகப் பேசினால் தப்பு வராது என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்க வேண்டும்.

ஆனால் அவள் கண் குறைவாகப் பார்க்கிற கண் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷெட்டுக்கு என் பின்னாலேயே வந்தாள்.

"மாமா, அத்தை ஏன் காப்பியை மோந்து பார்த்துட்டுத் தராங்க?"

சொன்னேன். கேட்டுக்கொண்டே நின்றாள். காய்ந்துகொண்டிருந்த செதிலை ஒரு பிடி எடுத்து விரல்களுக்கு நடுவே தேய்த்தாள்.

"இது கொஞ்சம் கிடைக்குமா மாமா?"

"கொஞ்சமா? ஜப்பான்காரனே வந்து பார்த்துட்டு போன சரக்கும்மா இது. மூட்டையா எடுத்துனு போ."

"ஒரு டப்பா போதும் மாமா."

அவள் படிப்பே என்சைம் பற்றித்தான் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பள்ளிக்கூடப் புத்தகத்தில் நொதி என்று போட்டிருக்கிறதாம், நான் அந்தப் பக்கம் வரை போகவில்லை. அமிலத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றபடியே எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். பாலில் இருப்பது இரட்டைச் சர்க்கரை. அதை நடுவில் வெட்டினால்தான் வயிறு எடுத்துக்கொள்ளும். வெட்டுகிற கத்தரிதான் என்சைம்.

"அந்தக் கத்தரிய நேராப் பால்ல போட்டா?"

"போடலாம் மாமா, வேலை செய்யும். ஆனா பாலோடயே போயிரும். ஒரு தடவைதான். எங்கயாவது அசையாம உட்கார வெச்சிட்டா, மறுநாளும் அதே ஆளை வேலை வாங்கலாம்."

"உட்கார எடம் வோணும்ன்ற."

"ஆமா. உள்ளே நிறைய சின்னச் சின்ன துளை இருக்கிற இடம். அறை அறையா இருக்கணும். பால் உள்ள போகவும் வெளிய வரவும் வழி இருக்கணும்."

"லாட்ஜுன்னு சொல்லு."

சிரித்துவிட்டாள். எங்கள் வீட்டுக்கு வந்து அவள் சத்தமாகச் சிரித்தது அதுதான் முதல். "லாட்ஜுதான் மாமா. ஆனா வந்தவங்க காலி பண்ணிட்டுப் போகாத லாட்ஜ்."

அடுத்த வாரமே எங்கள் சமையலறை அவள் லேப் ஆகிவிட்டது. செதிலை வினிகரில் கரைத்தால் கஞ்சி மாதிரி ஆனது. அதை ஊசி போடுகிற சிரிஞ்சில் எடுத்து, காரத் தண்ணீரில் சொட்டுச் சொட்டாக விட்டாள். விழுந்த ஒவ்வொரு சொட்டும் அப்படியே உருண்டை மணியாக நின்றது, வெந்த ஜவ்வரிசி மாதிரி. அப்படி ஒரு மணியின் உள்ளே ஆயிரம் அறை என்றாள். எனக்கு ஒன்றுகூடத் தெரியவில்லை, நம்பினேன். பிறகு அந்த அறைகளில் என்சைமைப் பிடித்துக் கட்ட ஒரு பசை வேண்டும். மலிவான மருந்து ஒன்று லேபிலேயே இருந்ததாம்.

"அத்தை வயித்துக்குப் போறது மாமா, அது வேண்டாம். பழத்துல இருந்து எடுக்கிறது ஒண்ணு இருக்கு, அதை வரவழைச்சிருக்கேன்."

அந்தப் பழச் சரக்கில் ஊறியதும் வெள்ளை மணிகள் மெல்ல நிறம் மாறின. மறுநாள் பார்த்தால் நாவல்பழ நீலம். அதன் பிறகு என்சைமை ஏற்றினாள், கழுவினாள், திரும்பவும் கழுவினாள். கழுவிய தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

மணிகளைப் போட ஒரு கூடை வேண்டும் என்றாள். சிங்கப்பெருமாள் கோயிலில் எனக்குத் தெரிந்த பட்டறைக்கு நானே போனேன். கார் கம்பெனிக்குச் சாமான் செய்கிற பட்டறை. வெல்டர் தலைக்கு மேலே நின்று, டீ வடிகட்டி மாதிரி மெல்லிய எவர்சில்வர் வலையில், மூடியும் கொக்கியும் வைத்துச் செய்து வாங்கினேன். அப்படி ஒரு கூடை இந்த மாவட்டத்தில் இன்னொரு வீட்டில் இருக்காது. சொம்பு விளிம்பில் கொக்கியை மாட்டினால் கூடை பாலுக்குள் தொங்கும். காய்ச்சி ஆறவைத்து, ஏடு எடுத்த பாலில் அதை இறக்கி ஃபிரிஜ்ஜில் வைத்துவிட்டால் காலையில் தூக்கிவிடலாம். கூடையோடு கத்தரிகள் எல்லாம் வெளியே வந்துவிடும். குளிர்ந்த தண்ணீரில் அலசி வைத்தால் மறுநாள் வேலைக்குத் தயார். சூட்டில் மட்டும் காட்டக் கூடாது.

முதல் நாள், விரலில் குத்தி என் ரத்தச் சர்க்கரையைப் பார்க்கிற சுகர் மெஷினை எடுத்து வந்தாள். "பாலுக்கும் சுகர் டெஸ்டா?" என்று என் மனைவி கேட்டாள். வெறும் பாலைத் தொட்டு வைத்தால் மெஷின் 'லோ' என்றது. கூடை இறங்கிய பாலைத் தொட்டு வைத்தால் 'ஹை' என்றது. வெட்டின சர்க்கரையைத்தான் மெஷின் காட்டுமாம், கத்தரி வேலை செய்துவிட்டது என்று அர்த்தம். மருமகளே காப்பி கலந்து கொடுத்தாள்.

என் மனைவி பழக்கத்தில் மோந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள்.

"உங்களுக்குத்தான் அத்தை."

குடித்தாள். முழுவதும் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள்.

"இனிப்பா கீதே. சக்கர போட்டியா?"

"போடலை அத்தை. பால்ல இருந்ததே உடைஞ்சா தித்திப்பு கூடும்."

அன்றைக்கு வயிறு ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு வாரநாட்களில் போன் வந்தால் என் மனைவி மகனைப் பற்றிக் கேட்பதற்கு முன் மணிகளைப் பற்றித்தான் சொல்வாள். "உன் குண்டுங்க நல்லா கீதுங்கம்மா. இன்னிக்கு கொஞ்சம் மெதுவா வேல செஞ்சுதுங்க, ஏடு ஒட்டிகினு இருந்துச்சு, அலசிட்டேன்." அந்தப் பக்கம் இருந்து சிரிப்பு கேட்கும். மணிகளில் ஆரம்பித்த பேச்சு படூரில் தண்ணீர் லாரி வராதது, மகன் குறட்டை, மருமகளை அவள் கல்லூரி மேடம் திட்டியது என்று எங்கெங்கோ போகும். ஃபிரிஜ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே பேசுவாள்.

அந்தக் குண்டுகள் எதில் செய்தவை என்று அவள் கேட்கவில்லை. யாரும் மறைக்கவும் இல்லை. ஏதோ லேப் சரக்கு என்று அவள் நினைத்திருக்கிறாள். என் ஷெட்டுப் பக்கம் அவள் வருவதில்லை, செதில் என்ன நிறம் என்றுகூட அவளுக்குத் தெரியாது. எனக்கோ அது பெருமை. கடைத்தெருவில், டீக்கடையில், மச்சானிடம், என் ஓட்டில்தான் என் மருமகள் பாலை மருந்தாக்குகிறாள் என்று சொல்லிக்கொண்டே திரிந்தேன்.

புரட்டாசி வந்தது. எங்கள் பக்கம் புரட்டாசி என்றால் மாதம் முழுக்க வீட்டில் கறி, மீன், முட்டை எதுவும் கிடையாது. கவுச்சி ஏறிய சட்டிகளைக்கூட என் மனைவி கோணியில் கட்டிப் பரணில் ஏற்றிவிடுவாள். நான் ஷெட்டிலிருந்து வந்தால் வெளித்தொட்டியில் தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் வாசல்படி ஏற வேண்டும். மருமகள் வீட்டில் புரட்டாசி என்றால் சனிக்கிழமை மட்டும்தான். அதுவே அவளுக்குத் தெரிந்த புரட்டாசி.

முதல் சனிக்கிழமை தளிகை போட்டோம். இலை விரித்து, சாதத்தைக் குவித்து, பெருமாள் படத்துக்கு முன் படையல். காலையில் காப்பி குடித்துவிட்டுத் தெம்பாகத்தான் என் மனைவி எல்லா வேலையும் செய்தாள். சொந்தக்காரர்கள் வந்தார்கள். அவள் தம்பியும் வந்தான். அவன் வாய் ஒரு இடத்தில் நிற்காது, கல்யாண வீடோ கருமாதி வீடோ எல்லாம் அவனுக்கு ஒன்றுதான். சாப்பிட்டு முடித்து எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது ஆரம்பித்தான்.

"இன்னாக்கா, காப்பிலாம் இப்ப நல்லா எறங்குதா?"

"பெருமாள் புண்ணியத்துல எறங்குதுடா."

"பெருமாள் புண்ணியமா, எறா புண்ணியமா? மாமா ஊரு பூரா சொல்லிகினு கீறாரு. நாங்கள்லாம் கவுச்சிய வுட்டுட்டு நாக்கு செத்துப் போய் கீறோம், நீ தெனிக்கும் எறாவ பால்ல முக்கிக் குடிச்சிகினு கீற. வுரதம்னா இப்டி இருக்கணும்."

இரண்டு பேர் சிரித்தார்கள். மூன்றாவது ஆள் சிரிக்க ஆரம்பித்து என் மனைவி முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அவள் மருமகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"அது எறா ஓடாம்மா?"

"ஆமா அத்தை. மாமா ஷெட் செதில்தான். ஆனா அதுல இப்ப ஒண்ணுமே..."

என் மனைவி எழுந்து உள்ளே போனாள். கூடையை எடுத்து அலசி, நீர் வடிய விட்டு, ஒரு சுத்தமான கிண்ணத்தில் வைத்துக் கொண்டுவந்து இரண்டு கையாலும் மருமகளிடம் கொடுத்தாள். "எடுத்து வெச்சிடும்மா" என்றாள். கோபம் ஒன்றும் இல்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அந்தப் பெண் தாங்கியிருப்பாள். மரியாதையாகச் சொன்னதுதான் அவளைச் சாய்த்துவிட்டது. சாயங்காலம் வெளித்தொட்டி ஓரமாக நின்றுகொண்டிருந்தாள்.

"எனக்குத் தோணவே இல்லை மாமா. ஒரு மாசமா அத்தை இதைக் குடிச்சிட்டு விளக்கேத்தியிருக்காங்க. என்னாலதானே."

மச்சானைக் கூப்பிட்டுக் கன்னத்தில் வைக்கலாம் போல இருந்தது. ஆனால் அவன் பேசியதில் பொய் எதுவும் இல்லையே. அன்று ராத்திரியே பேங்க் கவுண்டர் திரும்ப வந்துவிட்டது. "சாப்ட்டியாம்மா." "சாப்ட்டேன் அத்தை."

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் உள்ளங்கை அளவுத் துணிப்பை ஒன்றோடு வந்தாள். உள்ளே வெள்ளைப் பொடி. அரிசி மில்லில் கொட்டிக்கிடக்கும் உமிச் சாம்பலை வாங்கிப் போய், லேபில் வெளுத்து, பொடியாக எடுத்திருந்தாள். அதுவும் துளை துளையாக இருக்குமாம். வாரம் முழுக்க அதிலேயே உட்கார்ந்திருந்தாள் என்று மகன் சொன்னான். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. இறுக்கிக் கட்டுகிற வேலைக்கு நாள் போதவில்லை, பொடியே பிடித்துக்கொள்ளும் என்று நம்பி என்சைமை ஏற்றிவிட்டாளாம்.

"இது நெல்லு அத்தை. நெல்லைத் தவிர ஒண்ணும் இல்லை."

பையைப் பாலில் இறக்கிப் பார்த்தோம். மெஷின் 'ஹை' என்றது. மறுநாளும் 'ஹை'. என் மனைவி குடித்தாள். "நல்லா கீதும்மா" என்றாள். மருமகள் திங்கட்கிழமை வேன் ஏறும்போது என்னைப் பார்த்துக் கையாட்டிவிட்டுப் போனாள்.

அந்த வாரம் நடுவில் ஒரு மத்தியானம் சாப்பிட வந்தேன். வீட்டில் ஓம வாசனை அடித்தது. என் மனைவி சுவரில் சாய்ந்து, வயிற்றில் தலையணையை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஓமத் தண்ணீர்.

"இன்னா ஆச்சு?"

"வாயு."

"பாலா?"

"சொம்மா கெட. வாயுன்றேன்."

எனக்குப் படிப்பில்லை, கண் இருக்கிறது. மறுநாள் காலை அவள் காப்பியை எடுத்தபோது, வேண்டாம் கீழே ஊற்று என்றேன். ஊற்றவில்லை. ஒரே மூச்சில் மருந்து மாதிரி குடித்தாள். அதற்குப் பிறகு சாயங்காலம் வரை பின்கட்டுக்கும் உள்ளுக்கும் நடந்தாள்.

"உனக்கென்ன பைத்தியமா? வேல செய்யலன்னு ஒரு போன் போட்டா முடிஞ்சுது."

"போட்டா?" என்று கேட்டாள். "ஒரு வாட்டி எடுத்து வெச்சிடுன்னு சொன்னேன், அது மூஞ்சி இன்னா ஆச்சுன்னு பார்த்த இல்ல. சாம்பல ஊதி ஊதி கண்ணு குழி வுழுந்து வந்து நிக்குது. இதுவும் ஆவலன்னு எந்த வாயால சொல்றது? மாசம் முடியட்டும். நீ வாயத் தொறந்த, இந்த வூட்ல உனக்கு சோறு கெடையாது."

இந்தக் கடற்கரையில் எந்தச் சேதியும் என் வாயில் தங்கியதில்லை. அந்த வாரம் தங்கியது. போன் வரும்போதெல்லாம் அவள் ஃபிரிஜ்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு, "ஜோரா வேல செய்யுதும்மா" என்று சொல்வாள். ஒரு கை போனில், இன்னொரு கை வயிற்றில். நான் எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன்.

மூன்றாவது சனிக்கிழமை காலை என் மனைவி குளித்துவிட்டுச் சாமி படங்களுக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தாள். மருமகள் ஃபிரிஜ்ஜிலிருந்து பாலை எடுத்தாள். நான் திண்டாடிப் போய் வெறுமனே பேப்பரைப் பிரித்துப் பிடித்திருந்தேன். அவள் கண் என் மேல் விழுந்தது. போய் என் சுகர் மெஷினை எடுத்து வந்து பாலைத் தொட்டு வைத்தாள்.

'லோ'.

புதுப் பட்டையைப் போட்டுத் திரும்ப வைத்தாள். 'லோ'.

"எத்தனை நாளா மாமா?"

"என்னக் கேக்காதம்மா. எனுக்கு சோறு வோணும்."

துணிப்பையைக் கையில் பிடித்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். "அலசும்போதெல்லாம் கழண்டு போயிருக்கு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். ஒட்டாமல் உட்கார்ந்திருந்த கத்தரிகள் கொஞ்சம் பாலோடும் கொஞ்சம் அலசுகிற தண்ணீரோடும் போய்விட்டன. இரண்டே நாளில் லாட்ஜ் காலி. என் மனைவி வாரம் பூராவும் வெறும் பாலைக் குடித்திருக்கிறாள்.

பூக்கூடையோடு வெளியே வந்தவள் மெஷினைப் பார்த்தாள், என்னை முறைத்தாள். நான் வாயே திறக்கவில்லை என்று கையைக் காட்டினேன்.

"ஏன் அத்தை குடிச்சீங்க?"

"இன்னா இப்ப? ரெண்டு நாளு வவுறு உப்பும், அப்பறம் போயிடும்."

"வலிக்கும்னு தெரிஞ்சே ஏன் குடிச்சீங்க?"

என் மனைவி பூவைப் பிய்த்துக்கொண்டு நின்றாள். "நீ பண்ணதும்மா. கீழ ஊத்த மனசு வர்ல" என்றாள்.

அந்தப் பெண் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். தேம்பல் என்றால் அப்படி ஒரு தேம்பல். என் மனைவிக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தலையில் வைக்கப் போனாள், தோளில் வைக்கப் போனாள், கடைசியில் பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் அவள் மூக்கைத் துடைத்துவிட்டாள், சின்னப் பிள்ளைக்குத் துடைப்பது போல.

"அந்த நீலக் குண்டுங்கள இன்னா பண்ண? கொட்டிட்டியா?"

"இல்லை அத்தை. உப்புத் தண்ணில போட்டு எங்க வீட்டு ஃபிரிஜ்ஜிலயே வெச்சிருக்கேன். மாசம் முடிஞ்சதும் கேட்கலாம்னு."

"கொட்டலயா?"

"மனசு வரலை."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் சிரித்தது யார் என்று என்னால் சொல்ல முடியாது.

நான் மகனை எழுப்பிக் காரை எடுக்கச் சொன்னேன். படூருக்குப் போய் பாட்டிலை ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு வரச் சொன்னேன். இதைச் சொல்ல எனக்கு யாருடைய உத்தரவும் தேவைப்படவில்லை. ஆனால் என் மனைவி ஒரு வார்த்தை சொல்கிறாளா என்று காது கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன். அவள் தடுக்கவில்லை.

பத்து மணி வாக்கில் மச்சான் வாழை இலைக் கட்டோடு வந்தான். வெற்றிலையை அதக்கிக்கொண்டே, மகன் கொண்டுவந்து கூடத்தில் வைத்திருந்த நீல மணி பாட்டிலைப் பார்த்தான். அவன் சும்மா இருப்பானா.

"இன்னாக்கா, திரும்ப எறா வந்துச்சா? மாசம் முடியலயே."

"வாயில இன்னாடா?"

"வெத்தல."

"வெத்தலைக்கு இன்னா தடவின?"

"சுண்ணாம்பு."

"அது இன்னா, வயல்ல வெளஞ்சுதா? முட்டுக்காட்டுல கிளிஞ்சல வாரி சூளையில வெச்சு சுட்டது. உள்ள பூச்சி இருந்த ஓடு. அத்தத் தின்னுட்டுத்தான் சாமி முன்னால வந்து நிக்கற. கோயில் செவுத்துக்கும் அதான் அடிக்கறாங்க. எந்தப் பெருமாளாவது கவுச்சி அடிக்குதுன்னு எழுந்து போனாரா?"

மச்சான் வாயில் இருந்ததை மென்று முழுங்கினான். "நான் சொம்மா தமாசுக்குக்கா" என்றான்.

"பெருமாளு மாமல்லபுரத்துல கடலுக்குப் பக்கத்துலயே தரையில படுத்துகினு கீறாரு. ஓடு எது, எறா எதுன்னு அவுருக்குத் தெரியும். உனுக்குத்தான் தெரியாது. எலையக் கழுவி வையி."

அவள் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. இதை அவள் அந்த நேரத்தில் யோசித்துச் சொன்னாளா, வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்த நாட்களில் யோசித்து வைத்திருந்தாளா, தெரியாது. நான் கேட்டதற்கு, "உன்ன மாரி எல்லாத்தையும் ஊருக்கு சொல்லணுமா" என்றாள்.

அன்று மத்தியானமே பாலைக் காய்ச்சி ஆறவைத்தார்கள். ஒருத்தி ஏடு எடுத்தாள், ஒருத்தி மணிகளை அலசிக் கூடையில் போட்டாள். மூடும் முன் என் மனைவி ஒரு நீல மணியை எடுத்து உள்ளங்கையில் வைத்து வெளிச்சத்துக்கு நேரே பார்த்தாள். "இதுக்குள்ள ரூமு கீதாமே, உங்க மாமா சொன்னாரு" என்றாள். "நிறைய அத்தை." "யாரையும் காலி பண்ண வுடாம வெச்சிருக்கியா?" "கட்டி வெச்சிருக்கேன் அத்தை."

மறுநாள் காலை மெஷின் 'ஹை' என்றது. என் மனைவி குடித்தாள். மருமகள் எதிரிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னாத்துக்கு என் மூஞ்சியவே பார்த்துகினு கீற? வவுறு கீழ கீது."

இருந்தாலும் அந்தப் பெண் நகரவில்லை. இட்லி ஊற்றும்போதும், துணி உலர்த்தும்போதும், சாமான் தேய்க்கும்போதும் பின்னாலேயே நடந்தாள். சாப்பாட்டு நேரம் ஆனது. வயிறு ஒன்றும் சொல்லவில்லை. மத்தியானம் என் மனைவி பாயை விரித்துப் படுத்தாள். இவள் பக்கத்தில் உட்கார்ந்து காவல் காத்தாள், பிறகு உட்கார்ந்தபடியே சாய்ந்து, பாயின் ஓரத்தில் தூங்கிப்போனாள். வாரக்கணக்கில் தூங்காதவள் மாதிரி வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள்.

என் மனைவி தலையைத் தூக்கிப் பார்த்தாள். தன் தலையணையை உருவி அவள் கழுத்துக்கு அடியில் வைத்தாள். என்னிடம் மெதுவாக, "நாளைக்கு ஒரு நாளு லீவு போட சொல்லேன்" என்றாள்.

"நீயே சொல்லு."

"நான் எப்டி சொல்றது?"

"தம்பிகிட்ட சொன்ன மாரி சொல்லு."

சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது, முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "நாளைக்கு போவாதம்மா. இரு."

திங்கட்கிழமை காலை கல்லூரி வேன் வாசலில் நின்று ஹாரன் அடித்தது. நான்தான் போய் டிரைவரிடம் சொன்னேன், அந்தப் பொண்ணு இன்னிக்கு வராது, அவங்க அத்தைகூட உட்கார்ந்து காப்பி குடிச்சிகினு கீது என்று.